ஊசித் தடம்

"உங்க நாய்க்கு அக்குள்ல ஒரு கட்டி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு ஹவுஸ் ஓனர் சொன்னார். பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலை முடிந்து படியேறிக்கொண்டிருந்த மாடி வீட்டுக் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் நாய் பொட்டுவைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் அது புகாராகத்தான் இருக்கும். படியெல்லாம் முடி. குரைப்பில் தூக்கம் போகிறது. வராந்தாவில் வாடை. "நான் வீடு கொடுத்தது நாலு காலுக்கு. எட்டுக் காலுக்கு இல்ல" என்று போன வாரம்கூடச் சொல்லியிருந்தார். பொட்டு எதிரில் வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கிக்கொள்வார்.

மேலே வந்ததும் அவள் பொட்டுவைப் படுக்கவைத்துத் தடவிப் பார்த்தாள். இடது முன்னங்காலுக்கு உட்புறம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு. அழுத்தினால் நகரவில்லை.

நாய் அவள் கையை நக்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கேள்வி வந்தது.

"ஏங்க, நாய் நின்னா இது வெளியில தெரியவே தெரியாது. கூடவே இருக்கிற நமக்கே தெரியல. அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். கட்டியைச் சுற்றி முடி ஒட்டக் கத்தரிக்கப்பட்டிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். குனிந்து பார்த்தவள், "இது ஊசி குத்தின தடம்" என்றாள்.

தண்ணீர்த் தொட்டியின் வால்வு அவர்களுடைய பின்பக்க பால்கனியில் இருந்தது. அதைத் திறந்து மூடுவதற்காக ஹவுஸ் ஓனரிடம் அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று உண்டு. காலையில் வேலைக்குப் போனால் இருவரும் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அதுவரை வீட்டில் பொட்டு மட்டும்தான்.

இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே அவரைப் பார்த்தால் பொட்டு குரைப்பதில்லை. பயம் என்றாள் அவள். வைத்துவிட்டுப் போகிற சாப்பாடு ராத்திரி வந்து பார்த்தால் தட்டில் அப்படியே கிடக்கிறது. எதையோ போட்டுப் பழக்கியிருக்கிறான் என்றான் அவன்.

கீழே போய் முதலில் மரியாதையாகத்தான் கேட்டான். கட்டி இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தேன் என்றார். எங்கே, எப்போது என்று கேட்கும்போதே இவன் குரல் உயர்ந்தது. வீட்டுக்குள் வந்தீர்களா, நாயை என்ன செய்தீர்கள் என்று படபடவென்று கேட்டான். அவர் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல காட்டுங்க தம்பி. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

மேலே வந்தவன், "கண்ணைப் பார்த்துப் பேச முடியல அந்த மனுஷனால" என்றான்.

மறுநாள் இருவரும் லீவு போட்டார்கள். முதல் வேலையாகப் பூட்டை மாற்றினார்கள். இனிமேல் வால்வை நாங்களே திறந்துகொள்கிறோம் என்று அவள் கீழே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் தலையை ஆட்டினாராம். ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

"வாயே ஓயாத ஆளு. இன்னைக்குப் பேச்சே வரல பாருங்க."

டாக்டரிடம் எழுதி வாங்குவது, அதைக் கொண்டுபோய் போலீஸில் கொடுப்பது, அப்புறம் வேறு வீடு பார்ப்பது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார்கள். அடுத்த தெருவில்தான் கால்நடை மருத்துவமனை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருமுறைகூட அவர்கள் அங்கே போனதில்லை. எந்தக் கதவு என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, பொட்டு கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடியது. உள்ளே போய் எடை பார்க்கும் பலகையில் தானாக ஏறி உட்கார்ந்தது.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். நாயைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் இடது காலைத் தூக்கிப் பார்த்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "யாரோ விஷ ஊசி போட்டிருக்காங்க டாக்டர். அப்படின்னு எழுதிக் கொடுங்க. ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியும்."

டாக்டர் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார்.

"ஊசி போட்டது நான்தான். கட்டியிலேர்ந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து சோதனைக்கு அனுப்பினேன்."

அவள் குனிந்து அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தாள்.

புற்றுக்கட்டி என்றார் டாக்டர். இன்னும் பரவவில்லை. இந்த வாரமே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும், தள்ளிப்போட்டால் கஷ்டம். வளர்ப்பவர்கள் கையெழுத்துப் போடாமல் கத்தி வைக்க முடியாது.

"இதைக் கூட்டிட்டு வர்ற பெரியவர் தன்னோட நாய்னுதான் சொல்லிட்டிருந்தார். கையெழுத்துன்னு சொன்னதும்தான் உண்மை வந்தது. உடனே உங்ககிட்ட சொல்லச் சொன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று அவன் கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

டாக்டர் நாயின் காலை மெதுவாகக் கீழே விட்டார்.

"'சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அப்புறம் மத்தியானத்துல இதை என் பக்கத்துல படுக்க விடமாட்டாங்க டாக்டர்'னு சொன்னாரு. கொஞ்ச நேரம் இதோட காதைத் தடவிக்கிட்டே உக்காந்திருந்தாரு. அப்புறம், 'பரவாயில்ல, சொல்லிடறேன்'னு எழுந்து போனாரு."