பதினோரு லோடு

முதல் அடி அவன் வாயில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. பங்க்கில் எல்லோருக்கும் இது தெரியும், அதனால் யாரும் குறுக்கே வரவில்லை. பழைய பெட்ரோல் டேங்கைத் தூக்கிய குழிக்குள் மோட்டார் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவன் என் தங்கச்சி புருஷன். நான் எடுத்து நடத்துகிற இந்தக் குழி வேலைக்கு டேங்கர் லாரி ஓட்டுகிறவன். குழியில் ஊறுகிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டுபோய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. குனிந்து பார்த்தாலே கண் எரிகிற தண்ணீர் அது. இருபது வருஷமாக டேங்கிலிருந்து கசிந்த பெட்ரோல் அதன்மேல் மினுங்கும்.

பதினோரு லோடு அங்கே போய்ச் சேரவே இல்லை. தன் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பாழுங்கிணற்றில் கொட்டியிருக்கிறான்.

தங்கச்சிதான் வந்து சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். அவர்கள் தெரு அடிகுழாயில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் குழந்தை நாலு நாளாக வாந்தி எடுத்துவிட்டு, நேற்றிலிருந்து கண்ணே திறக்காமல் கிடக்கிறது. நாலு வயசு. என்னைப் பார்த்ததும் மாமா என்று காலைக் கட்டிக்கொள்கிற குழந்தை. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் மனுஷனாகவே இருக்க மாட்டேன்.

"மச்சான், நீங்க..." என்று அவன் ஆரம்பித்தான்.

இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது.

"வாயைத் தெறந்த, பல்லைப் பேத்துருவேன்."

அவன் வாயில்லாப் பூச்சி. முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பேர் என்ன தம்பி என்று கேட்டதற்கே அவன் அம்மாதான் பதில் சொன்னாள். இன்றைக்குப் பார்த்து அவனுக்குப் பேச்சு வருகிறது.

சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் குழியின் விளிம்புக்கு இழுத்துப்போனேன். முழங்காலால் வயிற்றில் ஒன்று விட்டேன். அவன் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மடங்கினான். வாயிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. ஒரு முறைகூட அவன் கையை ஓங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

தங்கச்சி என்னைத் தள்ளிவிட்டு அவன் முன்னால் போய் நின்றாள். அவள் அழவில்லை.

"அங்க கொட்டச் சொன்னது யாரு? சொந்தமா ஒரு சட்டை எடுக்கத் தெரியாத ஆளு நீங்க. யாரு சொன்னதுன்னு சொல்லுங்க."

அவன் ரத்தத்தைத் துப்பினான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"யாரும் சொல்லல. நானாத்தான் கொட்டுனேன்" என்றான்.

மழையில் குழியின் மண்சுவர் சரியத் தொடங்கிய அன்று அவன் எனக்குப் போன் செய்தான். நிலையத்து வாசலில் மூன்று மணி நேரமாக வரிசையில் நிற்பதாகச் சொன்னான். உங்க தெருவுக்குப் பின்னாடி அந்தப் பாழுங்கிணறு சும்மாதானே கிடக்கு, அதுல விட்டுட்டுச் சீக்கிரம் வா என்று சொன்னது நான். மறுநாளும் சொன்னேன். குழந்தை இருக்கிற தெரு மச்சான் என்று அவன் இழுத்தபோது, பயந்தாங்கொள்ளி என்று திட்டினேன்.

தங்கச்சி மெல்ல ஒதுங்கி எனக்கு வழிவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

சும்மா நின்றால் ஏன் நிற்கிறாய் என்று கேட்பாள்.

நான் மறுபடியும் அவனை அடித்தேன்.