சுருங்கிய சட்டை

மேனேஜருக்கு எரிச்சல் தலைக்கேறியது. டாக்டரைப் பார்க்க இவ்வளவு நேரக் காத்திருப்பு. போதாக்குறைக்குக் காலர் வேறு கழுத்தை இறுக்கியது.

"நீ தொவைக்கிற லட்சணத்துல எல்லாச் சட்டையும் சுருங்கிப்போச்சு! இப்ப உன் கழுத்துக் கட்டிக்காக என் லீவும் தண்டம்!" என்று மனைவி மேல் எரிந்து விழுந்தார்.



உள்ளே போனதும் டாக்டர் அவளை விட்டுவிட்டு, மேனேஜரின் மேல் பட்டனைக் கழற்றி, நெஞ்செலும்புக்கு மேலே அழுத்திப் பார்த்தார். "இந்த வீக்கம் எத்தனை மாசமா இருக்கு?"

"ஐயோ டாக்டர், கட்டி அவளுக்கு!"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றாள் மனைவி. "உங்களுக்குன்னு சொன்னா வந்திருப்பீங்களா?"

"எனக்கென்ன கேடு? சட்டைதான் சுருங்கி..."

"நீங்க போட்டிருக்கிறது நேத்து நான் வாங்கின சட்டை. பழசோட அதே கலர், அதே அளவுதான். இன்னும் தண்ணியே படலீங்க."