மெரினாவில் முதல் அறிமுகம்

மெரினா கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்றுகொண்டு பேச்சி போனில் கேட்டாள். "ஏட்டி சுகப்பிரியா, டி.பி.யில சாமி படத்த வச்சிருக்க. உன்னைய எப்படிக் கண்டுபிடிக்க?"

"மஞ்சள் சுடிதார் போட்டிருக்கேன். நீ?"

"நீலம். வேலை முடிச்சு நேரா வந்துட்டேன், தோள்ல கம்பெனிப் பை கெடக்கும்."

சற்று நேரத்தில் மஞ்சள் சுடிதார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. இருவரும் ஒருவரையொருவர் ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்கள்.

"குரலக் கேட்டு நீ குட்டையா இருப்பன்னு நெனச்சேன்," என்றாள் சுகப்பிரியா.

கடலில் கால் நனைத்துவிட்டு, கலங்கரை விளக்கத்திலிருந்தே பின்னால் வந்த பீச் போட்டோக்காரர் ஒருவர் முன் தோளில் கை போட்டபடி நின்றார்கள். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு மனசு கேட்கவில்லை.

"மொத தபா பாத்துக்கிறீங்களா? இன்னா, ஃபேஸ்புக் பழக்கமா? யாரு, இன்னான்னு தெரியாம இப்படி ஊர் சுத்தக் கூடாதும்மா. காலம் கெட்டுக் கெடக்கு."

"ஃபேஸ்புக் இல்லண்ணே," என்றாள் பேச்சி. "இருங்காட்டுக்கோட்டை கம்பெனி ஹாஸ்டல்ல ஆறு மாசமா ஒரே ரூம், ஒரே கட்டில். அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு நைட். இன்னைக்குத்தான் அவளுக்குப் பகல் லீவு, எனக்கு ராத்திரி லீவுன்னு ஒண்ணா அமஞ்சிருக்கு. நான் வந்து படுக்கும்போது தலகாணி சூடாத்தான் இருக்கும். ஆள இப்பத்தான் பாக்கேன்."