மாமா வந்திருக்கார்

மாடுகளைக் கொழுக்க வைக்கும் அந்தக் கொட்டகையில் எந்த மாட்டுக்கும் நோய் இல்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று முதலாளி தினமும் தீவனத்தில் ஒரு சிட்டிகை மருந்துத்தூளைக் கலந்துவிடுவார்.

மருந்து பொல்லாத கோபக்காரன். செவலைக் காளையின் குடலுக்குள் முதல் நாள் நுழைந்து அது போட்ட அதட்டலில் கிருமிக் கூட்டமே காலி. ஒரே ஒரு கெட்டித்தோல் கிருமி மட்டும் மூலையில் ஒடுங்கிப் பிழைத்துக்கொண்டது.

மறுநாளும் மருந்து வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வந்தது வெறும் சிட்டிகைதானே, அடி செல்லத் தட்டாகத்தான் விழுந்தது. கிருமிக்குப் பயம் தெளிந்துவிட்டது. மாதம் ஒன்று போனதும், "வாங்க மாமா, உட்காருங்க" என்று உபசரித்தது. அதன் பிள்ளைகுட்டிகள் மருந்தின் மடியில் ஏறி விளையாடின. மருந்துக்குக் கூச்சமாக இருந்தாலும் உள்ளூரப் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு காளை கறிக்கடைக்குப் போனது. அரைவேக்காட்டுக் கறியோடு கிருமிக் குடும்பம் எஸ்தர் என்ற சின்னப் பெண்ணின் வயிற்றுக்குள் குடிபோனது. எஸ்தர் சுருண்டு படுத்துவிட்டாள்.

டாக்டர் அதே மருந்தைத்தான் கொடுத்தார். இந்தத் தடவை சிட்டிகை இல்லை, முழு பலம். எஸ்தரின் அழுகையைக் கேட்டுப் பதறிய மருந்து கையை ஓங்கிக்கொண்டு உள்ளே குதித்தது.

"யாருடா அது, பச்சைப்பிள்ளையைப் படுத்துறது?"

"அடடே, நம்ம மாமா! பசங்களா, இடம் விடுங்க, மாமா வந்திருக்கார்!"

ஓங்கிய கையைப் பிடித்து ஒரு குட்டிக் கிருமி ஊஞ்சலாடியது. வெளியே எஸ்தரின் அழுகை நிற்கவேயில்லை.