வாசலில் ஜாஸ்

கறுப்புக் கார் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும் நிலவன் வெண்பாவிடம் ஓடினான். விருத்தாசலத்தில் அந்தக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏரி மண்ணை அள்ளி விற்கும் களிமண் லாரி ராஜமாணிக்கத்தின் கார்.

"வெண்பா, வந்துட்டாரு. நீ இன்னிக்குப் படிக்க வேணாம்" என்றான் மனைவியிடம்.

"வரட்டும். கேட்டுட்டுப் போவட்டும்." கையிலிருந்த கவிதைத் தாளை அவள் மடிக்கக்கூட இல்லை.

அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாள். வம்பே அவளால் வந்ததுதான். போன மாதம் நிலவனின் புத்தகக் கடையில் நடந்த கவிதை வாசிப்பில் அவள் படித்ததை யாரோ செல்போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள். 'ஏரிய லாரியில ஏத்தியாச்சு, இனிமே கரைக்கு என்ன வேல?' என்று முடியும் கவிதை. அதில் யார் பெயரும் இல்லை. சொன்னால்தான் தெரியும் என்றும் இல்லை.

முந்தாநாள் டீக்கடையில் ராஜமாணிக்கத்தின் ஆள் ஒருவன் நிலவனின் தோளில் கை போட்டான். "அண்ணன் ஒருநாளு உங்க வூட்டுப் பக்கம் வரேன்னு சொன்னாரு" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு நிலவனின் தூக்கத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டது.

இந்த மாதக் கூட்டத்தைத் தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் கவிதையோடு ஜாஸும் இருக்கட்டும் என்று அவன்தான் ஆசைப்பட்டு, புதுச்சேரி நண்பர்களை வரச் சொல்லியிருந்தான். அவர்கள் சாக்ஸபோனும் டிரம்ஸுமாகக் காலையிலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். கடைக்குள் இடம் போதாது என்று தெருவில் சாமியானா கட்டி, பிளாஸ்டிக் சேர்களையும் வரிசையாகப் போட்டாயிற்று.

சாயங்காலம் சாக்ஸபோன் மெல்ல இழுக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக வரும் பத்துப் பேர் இல்லை. இந்தக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர்கள். மளிகைக் கடைக்காரர், மாவு மில்காரர், செராமிக் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து அப்படியே கிளம்பி வந்தவர்கள்.

"வாங்க, வாங்க" என்று ஓடி ஓடி வரவேற்றான் நிலவன். ஒருவராவது பதிலுக்கு வாயைத் திறக்க வேண்டுமே! குனிந்த தலை நிமிராமல் போய் உட்கார்ந்தார்கள். டீயை நீட்டினால் கையை ஆட்டி மறுத்தார்கள்.

எல்லாரும் ராஜமாணிக்கம் அனுப்பிய ஆட்கள் என்று நிலவன் முடிவு கட்டிவிட்டான். பயந்தவன் மூளை இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் படு வேகமாக வேலை செய்யும்.

அதைவிட மோசமான இன்னொன்றையும் அவன் கவனித்தான். வந்தவர்கள் ஒவ்வொருவரும் உட்காருவதற்கு முன்னால் மாடிப்படியை ஒருமுறை பார்த்தார்கள். கடைக்கு மேலேதான் வீடு. மாடியில் அவன் அப்பா பழமலை படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். கலாட்டா என்று வந்தால் அவரால் எழுந்து ஓடவா முடியும்?

"உங்கப்பாவயும் இதுல இழுத்து வுட்டுட்டோமோ?" வெண்பாவின் குரல் முதல்முறையாக இறங்கியது. அவளும் அந்தப் பார்வைகளைக் கவனித்திருக்கிறாள்.

கார் பந்தலை ஒட்டி நின்றது. ராஜமாணிக்கம் இறங்கினார். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து வழிவிட்டார்கள். டிரைவர் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றிய நீளமான எதையோ இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான்.

நிலவனுக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பின்னால் வெண்பா நிற்கிறாள், மேலே அப்பா கிடக்கிறார். எங்கே ஓடுவது? வருவது வரட்டும், தன்னோடு போகட்டும் என்று மனைவிக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

ராஜமாணிக்கம் நேராக அவனைப் பார்த்துத்தான் வந்தார். சாக்ஸபோன்காரரே என்னவோ ஏதோ என்று வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க. அவ மேல மட்டும் கைய வெச்சிடாதீங்க..." நிலவனின் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

ராஜமாணிக்கம் இரண்டு கைகளையும் நீட்டினார். நிலவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அடி விழவில்லை. அவன் கைகளைத்தான் அவர் பிடித்தார், அதுவும் மெதுவாக.

"நமக்குள்ள ஆயிரம் இருக்கும் தம்பி. அதுக்குன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்ப மாட்டியா? பேண்டு சத்தத்தக் கேட்டுத்தான் நான் ஓடியாரணுமா?"

டிரைவர் செய்தித்தாளைப் பிரித்தான். உள்ளே ரோஜாவும் சம்பங்கியுமாக ஆள் உயர மாலை.

ராஜமாணிக்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படியைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்பாவ எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"