எழுபத்து மூன்றாம் வருஷத்துப் பிஸ்டன்

மெர்ல் கூசாக் செய்த துரோகங்கள் ஆர்வில் டெர்வோவுக்கு வரிசை மாறாமல் மனப்பாடம்.

ஒன்று. எண்பத்தொன்றில் மிஷிகன் வார்ப்பாலையில் வேலைநிறுத்தம். நாற்பத்தோராவது நாள் மறியல் கோட்டைத் தாண்டி முதலில் உள்ளே போனவன் கூசாக். அன்று மாலையே சங்கக் கூடத்தில் டெர்வோ அவன் பெயரை எல்லார் முன்னாலும் உரக்க வாசித்தார், முன்னால் ‘தோழர்’ சேர்க்காமல். அதன்பின் அந்தச் சொல்லை அவனுக்கு அவர் கொடுத்ததே இல்லை.

இரண்டு. டெர்வோவின் வேலை போனது. அவர் நின்ற உலையடியில் மறுநாள் போய் நின்றவன் கூசாக்.

மூன்று. டெர்வோவின் மனைவி ஐலி இறந்தபோது சர்ச்சின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தான். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனான்.

நான்கு. இன்று.

பழைய மோட்டோகிராஸ் வண்டிகளுக்கான கடைசிப் பந்தயம். எழுபத்து நாலாம் வருஷம் வரை வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டிகள்தான் ஓடலாம். இந்த வருஷப் புள்ளிக் கணக்கில் டெர்வோ முதலிடம், அடுத்த இடம் கூசாக். வயது எழுபது, அடுத்த வருஷம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பந்தயத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது நடுவர் டார்லீன் ஒரு தாளோடு வந்தாள்.

“ஆர்வில், உங்க மேல புகார். இஞ்சினுக்குள்ள புது மாடல் பிஸ்டன் இருக்காம்.”

“யாரு எழுதினது?”

அவள் தயங்கினாள். “கூசாக்.”

“தெரியும்! அவனைத் தவிர யாரு? இப்பப் பிரிச்சா திரும்ப மாட்டுறதுக்குள்ள பந்தயமே முடிஞ்சிரும். அதுதானே அவனுக்கு வேணும்!”

“விதி நீங்க எழுதினதுதான். புகார் வந்தா அங்கேயே பிரிக்கணும். மூணு சாட்சி வேணும்.”

“அடுத்த வரியையும் நான்தான் எழுதினேன். பொய்ப் புகார்னா அவன் பேரைச் செயலாளர் ஒலிபெருக்கியில வாசிக்கணும். அப்புறம் ரெண்டு வருஷம் வண்டி ஏறக்கூடாது. இந்த கிளப்புக்குச் செயலாளர் யாரு? நான்!”

ஸ்பானரை எடுத்தார்.

பிஸ்டனைப் போன வாரம்தான் மாற்றியிருந்தார். கராஜில் வெளிச்சம் போதாது. பெட்டியின் நம்பரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தோமா? எழுபத்தைந்தாம் மாடலாக இருந்துவிட்டால்? நாற்பது வருஷமாக அடுத்தவன் யோக்கியதையைக் கேள்வி கேட்ட மனிதன், கூசாக் முன்னால் திருட்டுப் பட்டம் வாங்குவதா?

கூசாக் கூட்டத்துக்குப் பின்னால் கை கட்டி நின்றிருந்தான். யாரோ அவன் காதுபடவே சொன்னார்கள்: “கிழவனுக்கு வயித்தெரிச்சல் போகலை பாரு.”

ஹெட் கழன்றது. சிலிண்டர் மேலே வந்தது. டார்லீன் பிஸ்டனைத் துடைத்து நம்பரைப் படித்தாள்.

“எழுபத்து மூணு.”

டெர்வோவுக்கு மூச்சு வந்தது. “கேட்டீங்களா? பழைய பாகம் போட்டா தப்பே இல்லை. பொய்ப் புகார்!”

யாரும் கை தட்டவில்லை. டார்லீனின் விரல் பிஸ்டன் வளையத்தில் நின்றிருந்தது.

“ஆர்வில்... உங்க சிலிண்டர் எழுபத்து நாலு.”

அவர் குனிந்தார். இரண்டு வருஷத்துப் பிஸ்டனும் பார்வைக்கு ஒன்றுதான். வளையம் சுற்றாமல் பிடித்துவைக்கும் குண்டூசித் தலை அளவு முள் மட்டும் இடம் மாறியிருக்கும். எழுபத்து மூன்றின் பிஸ்டனை எழுபத்து நாலின் சிலிண்டருக்குள் விட்டால், வளையத்தின் இரு நுனிகளும் சிலிண்டரில் உள்ள துளையின் மேலேயே ஓடும். காலையில் ஒத்திகை ஓடிய நாலு சுற்றிலேயே ஒரு நுனி பிளந்து நின்றது.

“முதல் மேட்டுல முழு வேகத்துல தாவுறப்ப இஞ்சின் பூட்டிக்கிட்டிருக்கும்,” என்றாள் டார்லீன் மெதுவாக. “பின்னாடி இருபது வண்டி.”

டெர்வோ அவள் கையிலிருந்த புகார்த் தாளை வாங்கினார். கீழே, பென்சிலில்: ‘பிஸ்டனை மட்டும் எடுங்கள். வளைய முள்ளைப் பாருங்கள்.’

கூட்டம் தானாக வழிவிட, கூசாக் முன்னால் போய் நின்றார்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“பிஸ்டன் வந்த காலிப் பெட்டியில நட்டு போட்டு இங்க மேசை மேல வெச்சிருந்தியே. அதுல நம்பர் எழுபத்து மூணு, உன் வண்டி எழுபத்து நாலு. எனக்கு இன்னும் கண்ணு தெரியுது.”

“நேர்ல வந்து சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“நான் சொன்னா கேப்பியா? பொறாமையில உளர்றான்னு மிதிச்சு ஸ்டார்ட் பண்ணிட்டுப் போயிருப்ப.”

அது உண்மை.

“ரெண்டு வருஷம் உனக்கு வண்டி கிடையாது. உனக்கும் எழுபது. தெரியும்ல?”

“விதியைப் படிக்கத் தெரியாதா எனக்கு? போய் வாசி.”

“இதை விட்டுறலாம், ஆர்வில்,” என்றாள் டார்லீன்.

“விதின்னா விதி,” என்றார் கூசாக். “அவனுக்குத்தான் என் பேரை வாசிச்சுப் பழக்கமாச்சே.”

டெர்வோ மைக்கை வாங்கினார். தொப்பியைக் கழற்றினார். மூன்று சாட்சிகளும் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

“புகார் பொய். புகார் கொடுத்தவர்...”

கூசாக் நின்ற பக்கம் திரும்பினார்.

“தோழர் மெர்ல் கூசாக்.”