நத்தையின் வீடு

வாசலில் இரண்டு பால் பாக்கெட். இரண்டையும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

ஒன்றைக் காய்ச்சினான். மற்றதை ஃபிரிட்ஜில் வைத்தான். நேற்றையது அங்கே இருந்தது. முந்தாநாளையதும்.

காபி. குளியல். சட்டைக்கு இஸ்திரி.

அலுவலகப் பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. மனைவியின் மேசை முன் உட்கார்ந்து, கணினியில் அவளுடைய இணைய விளையாட்டைத் திறந்தான்.

திரையில் கடல். துறைமுகம். சந்தை. காலை ஆறே முக்காலுக்கே கூட்டம். ஒவ்வொரு தலைக்கு மேலும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், எங்கோ ஓர் ஊரில், நாற்காலியில் ஓர் ஆள்.

அவன் தலைக்கு மேல் அவள் வைத்துக்கொண்ட பெயர்.

நத்தை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு வா என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதை நிறுத்தி வைக்க முடியாதுங்க. நான் விளையாடறதால இது நடக்கல. நான் எந்திரிச்சுப் போனாலும் அங்க மழை பெய்யும், சந்தை கூடும், சண்டை நடக்கும். அப்படி இல்லைன்னா இது வெறும் விளையாட்டு."

சோறு ஆறிப்போனது. அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நின்று பார்த்தான். அப்புறம் பல நாள் அப்படித்தான் நின்றான்.

கடையில் யாராவது முந்திக்கொண்டு போனால்கூட வாய் திறக்காதவள். அங்கே நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு பனிமலை ஏறுவாள். ஒரே சொல்லில் நாற்பது பேரும் நிற்பார்கள்.

கடலைப் பார்த்த மேட்டில் ஒரு வீடு கட்டியிருந்தாள். நீலக் கதவு. கூரையில் சுரைக்கொடி. அதைக் கட்டி முடிக்க ஓர் ஆண்டு ஆனது.

அங்கே நிலம் குறைவு. வீடு கட்டியவர் நாற்பத்தைந்து நாள் எட்டிப் பார்க்காவிட்டால் வீட்டை இடித்துவிடுவார்கள். வரிசையில் நிற்கும் அடுத்தவருக்கு இடம் போகும். அவள் போய் ஐந்தாவது வாரம் அவளுடைய மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வந்தது. இன்னும் எட்டு நாள்.

அன்றிலிருந்து அவன் தினமும் போகிறான்.

குதிரையைக் கூப்பிடத் தெரியாது. நடப்பான். சந்தையிலிருந்து மேட்டுக்கு இருபது நிமிடம். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் பதில் சொல்ல மாட்டான். ஒருவர் பெயரில் இன்னொருவர் நுழையக் கூடாது என்பது விதி. யாராவது புகார் கொடுத்தால் போதும். பெயரை நீக்கிவிடுவார்கள். வீடும் போய்விடும்.

இன்று பாலத்தில் ஒரு குதிரை குறுக்கே நின்றது. மேலே கோடரி பிடித்த பெரிய உருவம். பெயர் கருவாடு. கடல் தாண்டி ஈப்போ என்ற ஊரில் இருக்கும் பையன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவன் ஏதாவது சொல்ல, காதில் ஹெட்ஃபோனோடு இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

திரையின் கீழே எழுத்து ஓடியது.

"நத்தை அக்கா! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா? இப்பதான் பேருக்கு ஏத்த மாதிரி நடக்கறீங்க. குதிரைய வித்துத் தின்னாச்சா?"

அவன் ஒதுங்கி நடந்தான். குதிரை கூடவே வந்தது.

"அக்கா நடக்கவே மாட்டாங்களே. யாருங்க நீங்க?"

அவன் விரல்கள் நின்றன.

ஓடிவிடலாம். கணினியை அணைத்துவிடலாம். நாளைக்கும் இவன் இங்கே நிற்பான்.

அவள் இல்லை, என்று தட்டினான். டெங்கு. நான் அவள் கணவன்.

பாலத்தடியில் தண்ணீர் ஓடியது. யார் யாரோ குதிரையில் தாண்டிப் போனார்கள்.

பிறகு கருவாடு குதிரையை விட்டு இறங்கினான்.

அந்த உலகத்தில் யாரும் நடப்பதில்லை. குதிரை இருக்கிறது. பறக்கக் கழுகு இருக்கிறது. அவ்வளவு பெரிய கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் பக்கத்தில், அவன் வேகத்துக்கு நடந்துவந்தான். மேடு முழுக்க.

நீலக் கதவு வந்தது.

"வீடு நிக்க நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒரு தடவ வந்தாப் போதும் அண்ணே. தினம் வரணும்னு இல்ல."

தெரியும், என்று தட்டினான்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் பற்றவைத்தது.

"கேக்கலாமான்னு தெரியல. அக்கா கடைசியா என்ன சொன்னாங்க?"

எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அவளுடைய அம்மாவிடம், உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். தன் அக்காவிடம், பயப்படாதீர்கள் என்றாள் என்றான். இருவரும் அழுதார்கள். கொஞ்சம் ஆறுதலோடு ஊர் திரும்பினார்கள்.

உங்கள் நாற்பது பேரையும் விசாரித்ததாக, என்று தட்ட ஆரம்பித்தான்.

ஜன்னலுக்கு வெளியே கடல் மேல் வெயில் ஏறியது. கருவாடு கோடரியைக் கதவோரம் சாய்த்துவிட்டுக் காத்திருந்தான்.

தட்டியதை அழித்தான்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், மூக்கு மேல் இருந்த ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் நகர்த்தி அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே தட்டினான்.

"நாளையிலிருந்து ஒரு பாக்கெட் போதும்னு பால்காரர்கிட்ட சொல்லிடுங்க. நான் வந்ததும் மறுபடி ரெண்டாக்கிக்கலாம்."